எடின்பரோ ஃபிரிஞ்சுக்கு நாடகம் கொண்டுபோகிறவர்கள் முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் ஃபிரிஞ்ச் கலை விழாவில் ஒரு நாடகம் போட்டுவிட வேண்டும் என்பது நல்ல ஆசை. அதைக் கலைக்க இதை எழுதவில்லை. ஆனால் பல குழுக்கள் ஆறு மாதம் ஒத்திகை பார்க்கிறார்கள், அரங்கோடு போடும் ஒப்பந்தத்தை மட்டும் அரை மணி நேரம்கூட உட்கார்ந்து படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். கைக்காசு கரைவது அந்தக் காகிதத்தில்தான்.

1947-இல் எடின்பரோ சர்வதேச விழா தொடங்கியபோது எட்டுக் குழுக்கள் அழைப்பே இல்லாமல் வந்து, கிடைத்த இடங்களில் நாடகம் போட்டன. அங்கிருந்து வளர்ந்ததுதான் ஃபிரிஞ்ச். 1958-இல் உருவான ஃபிரிஞ்ச் சொசைட்டி இன்றுவரை யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, யாரையும் தள்ளுவதும் இல்லை. ஓர் அரங்கு கிடைத்து, பதிவுக் கட்டணம் கட்டினால் நீங்களும் விழாவில் உண்டு. 2019-இல் அப்படி 3,841 நிகழ்ச்சிகள் நடந்தன. ஆனால் அரங்குகள் சொசைட்டியின் கையில் இல்லை. பிளசன்ஸ், அசெம்பிளி, அண்டர்பெல்லி, கில்டட் பலூன், சம்மர்ஹால் என்று ஒவ்வொன்றையும் நடத்துகிறவர்கள் வேறு. யாருக்கு இடம், எந்த நேரம், என்ன பணம் என்பதையெல்லாம் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, செலவு மட்டும் முழுக்க நடிக்கிறவன் தலையில்.

ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று வகை. முழு வாடகை: மொத்தப் பணமும் நீங்கள் கட்டிவிட்டு வசூலை நீங்களே வைத்துக்கொள்வது. பங்கு: வசூலில் குழுவுக்கு 60, அரங்குக்கு 40 என்பது வழக்கமான கணக்கு. மூன்றாவது, உத்தரவாதத்தோடு கூடிய பங்கு. இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். அரங்குக்கு வசூலில் 40 சதவீதம் அல்லது ஒரு குறைந்தபட்சத் தொகை, இரண்டில் எது அதிகமோ அது போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 இருக்கை, 24 காட்சி, டிக்கெட் 12 பவுண்டு. அரங்கு வாட் வரிக்குள் வருவதாக இருந்தால் விலைக்குள்ளேயே அடங்கிய 20 சதவீத வரி, அதாவது 2 பவுண்டு, கழிந்து கையில் 10 பவுண்டு. ஒரு காட்சிக்குச் சராசரி 15 பேர் வந்தால் மொத்தம் 3,600. வெறும் பங்கு ஒப்பந்தம் என்றால் உங்களுக்கு 2,160 பவுண்டு. அதே ஒப்பந்தத்தில் 2,000 பவுண்டு உத்தரவாதம் இருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது 1,600. சராசரி 8 பேர்தான் வந்தார்கள் என்றால் மொத்த வசூலே 1,920. பங்கு ஒப்பந்தத்தில் அப்போதும் 1,152 கிடைக்கும். உத்தரவாதத்தில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மேற்கொண்டு 80 பவுண்டு நீங்கள் கட்ட வேண்டும். முதல்முறை போகிற, அந்த ஊரில் யாருக்கும் பெயர் தெரியாத குழுவுக்கு 8 பேர் என்பது அதிசயமே இல்லை. இன்னொன்று, டிக்கெட்டில் 12 என்று அச்சடித்திருந்தாலும் எல்லோரும் 12 கொடுப்பதில்லை. முதல் இரண்டு மூன்று நாள் முன்னோட்டக் காட்சிகளுக்கு விலை குறைவு. முதல் திங்கள், செவ்வாயில் ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்ற சலுகையில் பல நிகழ்ச்சிகள் சேர்கின்றன. மாணவர் சலுகை தனி. பட்ஜெட்டில் ஒரு டிக்கெட்டுக்கு எட்டு, ஒன்பது பவுண்டுக்கு மேல் எழுதாதீர்கள். உத்தரவாதம் கேட்டால் முதல்முறைக் குழு "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வேறு அரங்கு தேடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

கனடாவில் வேறு மாதிரி செய்கிறார்கள். 1982-இல் எட்மண்டனில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய ஃபிரிஞ்ச் விழாக்களில் குழுக்களைக் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். ஒரே கட்டணம், அதற்குள் அரங்கும் டெக்னீஷியனும் அடக்கம். குழு வைக்கிற டிக்கெட் விலை முழுவதும் குழுவுக்கே. குலுக்கலில் பெயர் வராமல் போகலாம், ஆனால் வந்துவிட்டால் கடனோடு திரும்பும் ஆபத்து குறைவு. எடின்பரோவிலும் பீட்டர் பக்லி ஹில் என்பவர் 1996-இல் தொடங்கிய பிபிஎச் ஃப்ரீ ஃபிரிஞ்ச் இருக்கிறது. அரங்கு வாடகை கிடையாது, நுழைவு இலவசம், முடிவில் பார்வையாளர்கள் விரும்பிப் போடும் காசுக்காக வாசலில் வாளி பிடித்து நிற்க வேண்டும். தனி ஆள் நகைச்சுவைக்கும் கதை சொல்லலுக்கும் இது அருமையான வழி. ஒளியமைப்பை நம்பி நிற்கும் நாடகத்துக்கு ஒத்துவராது. பல இடங்கள் பப்பின் பின்னறைதான். விளக்கு என்றால் சுவரில் இரண்டு சுவிட்ச், பக்கத்து அறைச் சத்தம் வேறு கேட்டுக்கொண்டே இருக்கும்.

இனி மேடை. ஒரு மணி நேர ஸ்லாட் என்றால் நாடகம் 50 நிமிடம் தாண்டக் கூடாது. மீதிப் பத்து நிமிடத்தில் உங்கள் பார்வையாளர்கள் வெளியேற வேண்டும், உங்கள் பொருள்கள் போக வேண்டும், அடுத்த குழுவின் பொருள்கள் வந்து அவர்களுடைய பார்வையாளர்கள் உட்கார வேண்டும். நேரம் தாண்டினால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று அபராதம் போடும் அரங்குகள் உண்டு. கைதட்டலுக்குப் பிறகு நான்கு நிமிடத்தில் மேடை வெறுமையாக வேண்டும் என்று வைத்துக்கொண்டு செட்டைத் திட்டமிடுங்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, அதற்குள் அடங்காத எதுவும் வேண்டாம். இரவு பொருள் வைத்துவிட்டுப் போக அலமாரி அளவு இடம் கிடைத்தாலே பெரிது. மேடையில் அரிசி கொட்டுகிற காட்சி இருந்தால் அதைப் பெருக்க ஐந்து நிமிடம் ஆகும். கறுப்புத் தரைவிரிப்பின் இணைப்புப் பட்டைக்குள் புகுந்த அரிசி, அடுத்து ஆடுகிறவரின் வெறுங்காலில் குத்தும். புகார் உங்கள் மேல் வரும். அரிசியை ஒரு துணியின் மேல் கொட்டி, துணியோடு சுருட்டி எடுங்கள். குத்துவிளக்கு ஏற்றுவதாக இருந்தால் எழுத்தில் முன்அனுமதி இல்லாமல் திரியைத் தொடவே விடமாட்டார்கள். நிலவறை அரங்குகளில் அனுமதி கிடைப்பதே அரிது. பேட்டரித் திரியோடு ஒத்திகை பார்த்துப் பழகிவிடுங்கள். செட் துணி எதுவாக இருந்தாலும் எளிதில் தீப்பற்றாது என்பதற்கான சான்றிதழ் கேட்பார்கள். உங்களால் மற்றவர்களுக்கு அடிபட்டால் ஈடுகட்டும் பொதுப் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

அரங்கில் ஒளி, ஒலியைச் சரிபார்க்கும் டெக் ஒத்திகை ஒரே ஒரு முறைதான், இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். விளக்குகள் எல்லாக் குழுக்களுக்கும் பொது. உங்களுக்காக ஒன்றைக்கூடத் திருப்ப முடியாமல் போகலாம். முழு நாடகத்தையும் அங்கே ஓட்டிப் பார்க்க நினைத்தால் நேரம் பாதியில் முடிந்துவிடும். விளக்கோ ஒலியோ மாறும் ஒவ்வோர் இடமும் ஒரு க்யூ; க்யூவிலிருந்து க்யூவுக்குத் தாவுங்கள், நடுவில் வரும் வசனத்தை விட்டுவிடுங்கள். பதினைந்து க்யூவுக்குள் அடங்கும் நாடகம் அங்கே பிழைக்கும், அறுபது க்யூ வைத்திருந்தால் முதல் வாரம் முழுக்கத் தப்புத் தப்பாக வரும். ஒலியைக் கியூலேப் என்ற மேடை ஒலி மென்பொருளில் போட்டிருந்தாலும், அதே கோப்புகளை வரிசை எண் போட்டுப் பென் டிரைவில் தனியாக வையுங்கள். கியூலேப் மேக்கில் மட்டும்தான் ஓடும், உங்கள் மேக் படுத்துவிட்டால் அரங்கில் இன்னொன்று இருக்கும் என்று நம்ப முடியாது. தமிழில் நாடகம் போட்டு ஆங்கில வசன வரிகள் காட்டுவதாக இருந்தால் புரொஜெக்டர், திரை, அதை இயக்கும் ஆள் மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். போன பிறகு கேட்டால் தனி வாடகை.

நோட்டீஸ் கொடுப்பது வேலையில் பாதி. ராயல் மைல் என்ற நகரின் முக்கியத் தெருவில் ஆயிரக்கணக்கானோர் கையில் திணிப்பதைவிட, காட்சிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் உங்கள் அரங்கைச் சுற்றி நின்று, வரிசையில் காத்திருப்பவர்களிடம் ஒரே வாக்கியத்தில் நாடகத்தைச் சொல்வது பலன் தரும். நேரம், அரங்கின் பெயர், அரங்கு எண் மூன்றும் முன்பக்கத்திலேயே பெரிதாக இருக்கட்டும். விமர்சனம் வந்த அன்றே அதில் கிடைத்த நட்சத்திர மதிப்பீட்டைச் சிறு தாளில் அச்சடித்து நோட்டீஸில் ஸ்டேப்ளர் அடியுங்கள். விமர்சகர்கள் முதல் வாரத்தில்தான் அதிகம் வருவார்கள். அதனால் குறுகிய காலம் போகிறவர்கள் முதல் பத்து நாளைப் பிடியுங்கள். கடைசி வாரத்தில் கிடைக்கும் நல்ல விமர்சனத்தை வைத்து டிக்கெட் விற்க நாள் இருக்காது. முதல்முறைக்கு 24 காட்சி தேவையே இல்லை என்பேன்.

தங்குமிடம்தான் பட்ஜெட்டை விழுங்குவது. 2023 அக்டோபரிலிருந்து குறுகிய கால வாடகை வீடுகளுக்கு உரிமம் கட்டாயம். அதனால் ஜனவரியிலேயே தேடத் தொடங்குங்கள், மாணவர் விடுதி அறைகளையும் நகரின் துறைமுகப் பகுதியான லீத் பக்கத்து வீடுகளையும் பாருங்கள்.

இந்தியா, இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. பிரிட்டன் அரசின் அனுமதி விலக்கு விழாக்கள் பட்டியலில் எடின்பரோ ஃபிரிஞ்ச் இடம்பெற்று வந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டில் சாதாரண வருகையாளர் விசாவிலேயே நடித்துச் சம்பளமும் வாங்கலாம். அந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அழைப்புக் கடிதத்தோடு விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது என்பதால், மே மாதம் கதவு திறந்ததும் செய்துவிடுங்கள்.

டிக்கெட் பணம் காட்சி முடிந்த அன்று கைக்கு வராது. விழா முடிந்து பல வாரம் கழித்து, அரங்கு தன் பங்கு, விளம்பரக் கட்டணம், கார்டு கட்டணம் எல்லாம் கழித்துவிட்டுத்தான் அனுப்பும். எந்தத் தேதிக்குள் தருவார்கள், அதுவரை உங்கள் பணம் தனிக் கணக்கில் இருக்குமா, என்னென்ன கழிப்பார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் கையெழுத்துப் போடும் முன்பே மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். திரும்பி வரும் விமான டிக்கெட்டை அந்தப் பணத்தை நம்பி விட்டுவைக்காதீர்கள், கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள்.