புலி அடித்த மறுநாள் போடும் கணக்கு

நீலகிரியில் கூடலூர், பந்தலூர், மசினகுடி பக்கம் விலங்கு தாக்கி ஒரு உயிர் போனால் பேச்சு இரண்டு இடத்தில் நடக்கும். ஒன்று ரோட்டில். உடலை எடுக்க விடாமல் மறியல், கடையடைப்பு, வனத்துறை ஜீப்பைச் சுற்றி நின்று வாக்குவாதம். இன்னொன்று போனில். எக்ஸ் தளம், யூடியூப், இன்ஸ்டாகிராம், இந்த முகநூல். இந்த இரண்டாவது பேச்சை மட்டும் அள்ளி, ஒரு ஏஐ மொழி மாடலிடம் கொடுத்து, கோபம் இவ்வளவு, சோகம் இவ்வளவு, ஆதரவு இவ்வளவு என்று வட்டப்படம் போட்டு, மேலே 'மக்கள் கருத்து' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தலைப்பை நீக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துப் படியுங்கள்.

எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் வெறுப்பு கிடையாது. என் அக்கா மகள் கோவையில் கணினி படிக்கிறாள். கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக நீலகிரியில் விலங்கு தாக்கிய சமயங்களில் வந்த பதிவுகளை எடுத்து அலசினாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முன்பெல்லாம் நல்ல சொல், கெட்ட சொல் என்று பட்டியல் வைத்து எண்ணுவார்களாம். இப்போதைய மாடல் வாக்கியத்தை முழுசாகப் பார்க்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாலும் ஓரளவு பிடித்துக்கொள்கிறது. ஒரு ஆள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலையைச் சீக்கிரம் முடித்துத் தருகிறது. அதெல்லாம் உண்மையான முன்னேற்றம்.

"மாமா, பெரும்பாலானவங்க புலியைக் காப்பாத்தணும்னுதான் சொல்றாங்க" என்றாள். சரி, யார் அந்தப் பெரும்பாலானவர்கள் என்று கேட்டேன். ஊர் பெயர் போட்டிருந்த கணக்குகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தோம். சென்னை, பெங்களூரு, கோவை, மும்பை என்று போனது. மசினகுடி என்று போட்டிருந்த சில கணக்குகள் ரிசார்ட்டுகளுடையவை. ஊரே போடாத கணக்குகள்தான் மிச்சம் எல்லாம்.

2021-ல் டி23 என்று எண் வைத்து அழைக்கப்பட்ட புலியின் விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். செப்டம்பர் கடைசியில் தேவன் எஸ்டேட்டில் ஒருவரைப் புலி அடித்தது. அக்டோபர் 1 அன்று மசினகுடியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர். அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்து நான்கு உயிர் என்று சொன்னார்கள். அன்றே புலியைச் சுட்டுப் பிடிக்க உத்தரவு வந்தது. உடனே இணையத்தில் எதிர்ப்பு கிளம்பியது, வழக்கும் போடப்பட்டது, உடனே கொன்றுவிட வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். புலியை உயிரோடு பிடித்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த இரண்டு வாரம் இணையத்தில் குவிந்த பதிவுகளை மட்டும் எண்ணினால் ஒரு விடை வரும். மசினகுடி ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணியிருந்தால் நேர் எதிர் விடை வந்திருக்கும். இரண்டாவது எண்ணிக்கையை யாருமே எடுக்கவில்லை.

அந்த ரோட்டில் உட்கார்ந்தவர்களும் ஒரே மாதிரி இல்லை. புலியைத் தேடிக் காட்டுக்குள் முன்னால் நடந்தவர்களில் இங்குள்ள பழங்குடி மக்கள் இருந்தார்கள். தடம் பார்க்கத் தெரிந்தவர்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்களாகத் தினக்கூலி போல வேலை செய்பவர்கள். ஒரே வீட்டில் ஒருவர் மறியலில் இருப்பார், இன்னொருவர் புலிக்குக் குண்டு படாமல் பிடிக்கப் போயிருப்பார். ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்றே கட்டம் வைத்திருக்கும் கணக்கில் அந்த வீட்டை எங்கே போடுவீர்கள்?

பந்தலூரில் நடந்ததை எழுதவே கை நடுங்குகிறது. 2024 ஜனவரி 6 அன்று மேங்கோ ரேஞ்ச் எஸ்டேட் பக்கம் மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. ஊர் கொதித்தது. கூடலூர், பந்தலூர் ரோடெல்லாம் அடைபட்டது. மறுநாள் சிறுத்தையைப் பிடித்தார்கள். அந்தக் குழந்தையின் பெற்றோர் ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். இப்போது நீலகிரித் தோட்டங்களில் அப்படி வந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் தமிழில் பதிவு போடுவதில்லை. ஆங்கில ஹேஷ்டேக் போடுவதில்லை. அந்த வாரம் 'பந்தலூர்', 'சிறுத்தை' என்று தேடி அள்ளிய தரவில், குழந்தையைப் பறிகொடுத்த லைன் வீடுகளிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஒரு வரிகூட இருந்திருக்க வாய்ப்பில்லை. அந்தத் தரவை வைத்து எவ்வளவு பெரிய மாடலை ஓட்டினாலும், இல்லாத குரலை அது எங்கிருந்து கொண்டுவரும்?

கூடலூரில் பேசும் மொழிகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தமிழ், மலையாளம், கன்னடம், படுகு, பணியர் பேச்சு, பெட்டகுறும்பர் பேச்சு, காட்டுநாயக்கர் பேச்சு, இப்போது இந்தியும் சந்தாலியும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் குடியேறியவர்களின் தமிழ் தனி. இதில் பல மொழிகளை யாரும் அதிகம் எழுதுவது கிடையாது. செய்தி எல்லாம் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் போகிறது. "நாடுகாணி வளைவுல ஆனை நிக்குது, பைக்ல வராதீங்க" என்று மூச்சு வாங்கப் பேசி அனுப்பிவிடுவார்கள். அதை ஆய்வாளர்கள் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது, அது அந்தரங்கக் குழு. பொதுவில் கிடைப்பதும் சுருங்கிவிட்டது. 2023-ல் எக்ஸ் தளம், ஆய்வாளர்கள் பதிவுகளை எடுக்க இலவசமாகத் தந்துகொண்டிருந்த வழியை மூடியது. முகநூல் பதிவுகளை ஆராய உதவிய கிரவுட்டாங்கிள் என்ற கருவியை மெட்டா 2024 ஆகஸ்ட்டில் நிறுத்தியது. ஆகவே எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதுதான் ஆராயப்படுகிறது, பெரும்பாலும் யூடியூப் கமெண்ட்.

அப்புறம் அந்தக் 'கோபம்' என்ற கட்டம். இங்கே ஒருவர் "இனிமே நாங்க எப்படி வாழ்றது" என்று எழுதினால் மாடல் அதைக் கோபம் என்றோ எதிர்மறை என்றோ குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். யார் மேல் கோபம்? புலி மேலா? ஊரில் தெருவிளக்கு போடாத நிர்வாகத்தின் மேலா? பழைய நில உடைமை முறையை ஒழித்த 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தில் பிரிவு 17 நிலம், அதாவது உரிமை முடிவாகாத நிலம், என்று இழுபட்டுக்கொண்டே இருக்கும் பட்டா பிரச்சினையின் மேலா? அந்த நிலத்தில் வீடு என்பதாலேயே கரன்ட் கிடைக்காமல் வருஷக்கணக்கில் இருட்டில் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். இருட்டில் யானை வந்தால் அவர்கள் திட்டுவது யானையை இல்லை. நகரத்திலிருந்து புலியைக் காப்பாற்றச் சொல்லிக் கோபப்படுபவரும் அதே கட்டத்தில்தான் விழுகிறார். கொழுந்தையும் முற்றிய இலையையும் ஒரே சாக்கில் போட்டு எடை பார்ப்பது போன்ற வேலை இது. உணர்ச்சி என்ன என்று பார்ப்பதும், எந்த விஷயத்தில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்ப்பதும் வெவ்வேறு வேலை என்று இந்தத் துறையில் இருப்பவர்களே பல வருஷமாகப் பிரித்துச் சொல்கிறார்கள். ஆனால் அவசரத்தில் போடும் ஆய்வுகளில் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாக எழுதிவிடுகிறார்கள்.

தமிழும் ஆங்கிலமும் கலந்த எழுத்தில் உணர்ச்சியைக் கண்டுபிடிக்க 2020-ல் ஒரு தரவுத் தொகுப்பு வந்தது. 15,000-க்கும் மேற்பட்ட யூடியூப் கமெண்ட்டுகள், மனிதர்கள் படித்துக் குறித்தவை. நல்ல உழைப்பு, அது இல்லாவிட்டால் தமிழுக்கு ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் அவை சினிமா டிரெய்லர்களுக்குக் கீழே வந்த கமெண்ட்டுகள். 'மாஸ்', 'வெறித்தனம்', 'செதச்சுட்டான்' என்று எழுதினால் அங்கே பாராட்டு. அதே சொல் ஒரு சாவுக்குக் கீழே வந்தால்? இப்போதைய பெரிய மாடல்கள் இதைவிடப் பல மடங்கு தமிழைப் படித்திருக்கின்றன. இருந்தாலும் துக்க வீட்டுத் தமிழையும் மறியல் தமிழையும் அவை எவ்வளவு படித்திருக்கும் என்று சோதிக்காமல் நம்பக் கூடாது.

எங்கள் ஊரில் யானைக்கு ஆள் பெயர்தான். 2025 செப்டம்பரில் ஓவேலியில் பிடிக்கப்பட்ட யானையின் பெயர் ராதாகிருஷ்ணன். "ராதாகிருஷ்ணனைப் பிடிச்சாச்சு, இனி நிம்மதியா தூங்கலாம்" என்ற வரியை அக்கா மகளின் மாடல் ஏதோ குற்றவாளி கைதான செய்தியாக எடுத்துக்கொண்டது. 2022-ல் பிடிபட்ட மக்னாவுக்கு, அதாவது கொம்பில்லாத ஆண் யானைக்கு, அரிசி ராஜா என்று பெயர். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் அது சரியாகப் படிக்கிறது. சொல்லிக்கொடுக்க இந்த ஊர் ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

என்னைப் பயமுறுத்துவது வேறு ஒன்று. பிள்ளையைப் பறிகொடுத்த ஊர்க்காரர் ஒருவர் "சுட்டுத் தள்ளுங்க, இல்லாட்டி நாங்களே பார்த்துக்கிறோம்" என்று ஆத்திரத்தில் எழுதுகிறார். மாடல் அதை வன்முறைப் பேச்சு என்று குறிக்கும். குறித்ததோடு நின்றால் பரவாயில்லை. அந்தப் பட்டியல் பெயரோடும் ஊரோடும் எங்கே போகும்? மறியல் செய்தவர்கள் மேல் வழக்குப் போடுவது இங்கே புதிதில்லை. 2021 ஜனவரியில் மசினகுடியில் யானை மேல் எரியும் டயரை வீசிய வீடியோ நாடு முழுக்கப் பரவியபோது, வீசிய இரண்டு மூன்று பேரின் கொடுமைக்கு இந்த ஊரே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அது மன்னிக்க முடியாத குற்றம்தான், அந்த யானை செத்தும் போனது. அதைச் செய்தவர்கள் ரிசார்ட் நடத்தியவர்கள். ஆனால் அந்த நாட்களின் பதிவுகளில் 'மசினகுடிக்காரர்கள்' என்றுதான் இருந்தது. அதை அப்படியே எண்ணிக் கொடுக்கும் இயந்திரம், அந்தப் பழியையும் சேர்த்தே எண்ணிக் கொடுக்கும்.

மனிதர்கள் நடத்தும் தாக்குதல்களிலும் இதே கதைதான். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் பைசரன் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். சுற்றுலா வந்தவர்களோடு, உள்ளூரில் குதிரை ஓட்டிப் பிழைத்த ஒருவரும் அதில் இறந்தார். ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் குதிரைக் கயிற்றைப் பிடித்து நிற்பவர்களைத் தினமும் பார்க்கும் நமக்கு, அந்த மனிதரின் கூட்டாளிகள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியும். சீசனே நின்றுபோன அந்த வாரத்தில் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது குவிந்த பதிவுகளில் எத்தனை வரி இருந்திருக்கும்?

அப்படியானால் இந்த மாடல்களால் பயனே இல்லையா? இருக்கிறது. தாக்குதல் நடந்த முதல் சில மணி நேரத்தில் பரவும் பொய்களைச் சீக்கிரம் கண்ணில் காட்ட இது உதவும். வேறு மாநிலத்தில் எடுத்த பழைய சிறுத்தை வீடியோவை 'இன்று தேவாலாவில்' என்று போடுவார்கள், ஊர் முழுக்கக் கதவடைக்கும். ஒரே வாசகம் பல கணக்குகளில் ஒட்டப்படுவதைக் காட்டித்தரட்டும். எந்த வளைவில் விளக்கு இல்லை, எந்தப் பள்ளிக்குப் பஸ் இல்லாமல் பிள்ளைகள் தேயிலைக் காட்டில் நடக்கிறார்கள் என்று கமெண்ட்டுகளில் சிதறிக் கிடப்பதை ஊர்வாரியாகத் தொகுத்துத் தரட்டும். வால்பாறையில் யானை எங்கே நிற்கிறது என்று போனுக்குச் செய்தி அனுப்பி, சிவப்பு விளக்கு எரியவிட்டு உயிர் காப்பாற்றுகிறார்கள். அந்த மாதிரி ஏற்பாட்டுக்கு இந்தத் தொகுப்பு உதவும். யாருக்கு எத்தனை ஆதரவு என்று எண்ணுவதைவிட இது பெரிய வேலை.

மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியவேண்டுமானால் கிராம சபைக்கு வாருங்கள், லைன் வீட்டு வாசலில் உட்காருங்கள், ஜார்க்கண்ட்காரர்களிடம் பேச இந்தி தெரிந்தவரைக் கூட்டி வாருங்கள். இணையத்தை அலசியே ஆகவேண்டும் என்றால், எந்தத் தளம், எந்த மொழி, யார் இதில் இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். மாடல் குறித்ததில் ஒரு பகுதியை இங்குள்ள இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, மூன்றும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்து அதையும் போடுங்கள். கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் மாடலின் பதில் மாறுகிறதா என்று பாருங்கள், மாறினால் மறைக்காதீர்கள். ஆட்களின் பெயரையும் குக்கிராமத்தின் பெயரையும் நீக்கிவிட்டுத்தான் எந்தக் கம்பெனியின் சர்வருக்கும் அனுப்பவேண்டும். நூறு வீடு உள்ள ஊரில் ஊர் பெயரைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும்.

அக்கா மகள் தன் ப்ராஜெக்ட்டின் தலைப்பில் இருந்த 'மக்கள் கருத்து' என்பதை அடித்துவிட்டு 'யூடியூப் கமெண்ட்டுகளில் வெளிப்படும் உணர்ச்சி' என்று மாற்றினாள். அவளுடைய வழிகாட்டி ஆசிரியரும் ஒப்புக்கொண்டார். அடுத்த விடுமுறைக்கு அவளும் இரண்டு தோழிகளும் வருகிறார்கள், கமெண்ட்டுகளைக் குறித்துத் தர சேரம்பாடியிலும் அய்யன்கொல்லியிலும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். பணியர் பேச்சும் தமிழும் தெரிந்த இளைஞர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். வேலைக்கு உண்டான கூலி கொடுக்கவேண்டும் என்று அவளிடம் முன்பே பேசிவிட்டேன்.