கையெழுத்து வாங்கியதோடு கடமை முடிந்துவிடாது

எந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதுகிறேன் என்பது திருகோணமலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கருப்பைக் கட்டிக்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட அந்தத் தாய், துண்டு வெட்டி (வைத்தியசாலையிலிருந்து விடுவிக்கப்பட்டு) வீட்டுக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டு உயர்தர மாணவி டயக்னோசிஸ் கார்ட்டை (நோயும் சிகிச்சையும் எழுதப்பட்ட அட்டையை) வாசித்துச் சொன்னபோதுதான் தன்னுடைய ஒரு சூலகமும் அகற்றப்பட்டிருப்பதை அறிந்தார். கிளினிக்கில் அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி: அதை ஏன் எடுத்தீர்கள்? கிடைத்த பதில், "நீங்கள்தானே கையெழுத்து வைத்தீர்கள்" என்பது. அந்தப் பதிலைவிட, அதை நியாயப்படுத்தி, தாதியாக இருந்த என்னுடைய வைத்தியத் துறையைச் சேர்ந்தவர்களே இணையத்தில் எழுதிய கருத்துகள்தான் என்னை அதிகம் வருத்தின.

சூலகத்தை எடுத்தது பிழை என்று நான் சொல்லவில்லை. வயிற்றைத் திறந்த பிறகு எடுத்தே ஆகவேண்டிய நிலை தெரியவந்திருக்கலாம். அதைத் தீர்மானிக்கும் தகுதி எனக்கு இல்லை. நான் சொல்வது ஒன்றுதான். என்ன செய்யப் போகிறோம், வேறு எதைச் செய்ய நேரலாம், என்ன செய்தோம் என்பதை நோயாளிக்கு விளங்கும்படி சொல்லுவது நம்முடைய கடமை. சிங்களத்தில் அச்சிட்ட படிவத்தில், சிங்களம் வாசிக்கத் தெரியாத ஒருவரிடம், தியேட்டருக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகாது. 1987 இல் நிறைவேறிய 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அரசியலமைப்பின்படி கிழக்கு மாகாணத்தின் நிர்வாக மொழியும் தமிழ்தான். அந்தப் படிவத்தைத் தமிழில் கேட்பது சலுகை கேட்பதாகாது.

இதை மேலைநாட்டுக் கதை என்று ஒருவர் எழுதியிருந்தார். நமது நாட்டில் வைத்தியக் கவனயீனத்துக்கான நட்டஈட்டு வழக்குகள் ஒல்லாந்தர் காலத்தில் இங்கே வந்த ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழேயே வருகின்றன. அதே சட்ட மரபைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவில், நோயாளிக்கு முக்கியமான ஆபத்துகளை முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பதை 1994 ஆம் ஆண்டின் காஸ்டெல் எதிர் டி கிரீஃப் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2015 இல் மொன்ட்கொமரி வழக்கில் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. நீரிழிவுள்ள ஒரு கர்ப்பிணிக்கு, பிரசவத்தின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து 9 முதல் 10 சதவீதம் வரை இருந்தும் சொல்லப்படவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்டுவிடுவார் என்பதே வைத்தியர் தந்த விளக்கம். புரியாத தொழில்நுட்பச் செய்திகளைக் கொட்டுவதாலோ, வழமைபோலப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதாலோ வைத்தியரின் கடமை நிறைவேறிவிடாது என்று அந்த நீதிமன்றம் எழுதியது. அது நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாயின் கேள்வியும் அதேதான் அல்லவா?

"கிராமத்து ஆட்களுக்குச் சொன்னாலும் விளங்காது" என்று எழுதியவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். நான் தாதிய உத்தியோகத்தராக இருந்த காலத்தில், குச்சவெளிப் பக்கத்து முதிய மீனவர் ஒருவர் நீரிழிவினால் கால் அழுகிய நிலையில் எங்கள் வைத்தியசாலை விடுதிக்கு (வார்டுக்கு) வந்தார். சத்திரசிகிச்சை நிபுணருக்குத் தமிழ் தெரியாது. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரு மொழியும் தெரிந்த சிற்றூழியர் ஒருவரை அழைத்து, ஒரு தாளின் பின்புறத்தில் காலை வரைந்து, எந்த இடத்தில் வெட்டவேண்டும் என்று கோடிட்டுக் காட்டினார். பிறகு, விளங்கியதைத் திருப்பிச் சொல்லும்படி கேட்டார். "முழங்காலுக்குக் கீழ எடுக்கப் போறீங்க, எடுக்காட்டி கிருமி மேல ஏறி ஆளே போயிடுவன்" என்றார் அந்த ஐயா. மனைவியிடம் சொல்லிவிட்டுச் சம்மதிக்க ஒரு நாள் தரும்படி கேட்டார், நிபுணரும் தந்தார். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத மனிதருக்கு விளங்கியது. விளங்கச் சொல்ல ஒருவர் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

வேலைப் பளுவைப் பற்றிச் சொல்கிறீர்கள். அது உண்மை, இரவு வேளையில் விடுதி முழுவதையும் இரண்டு பேர் பார்த்த நாட்களை நானும் கடந்திருக்கிறேன். மயங்கிய நிலையில் உயிருக்குப் போராடும் ஒருவரிடம் சம்மதம் கேட்டுக் காத்திருக்கும்படி எந்தச் சட்டமும் சொல்வதில்லை. ஆனால் இந்தத் தாய் திகதி கொடுக்கப்பட்டு, முதல் நாளே வந்து கட்டிலில் படுத்திருந்தவர். ஒரு மாலைப் பொழுது முழுவதும் இருந்தது. அவருடைய கணவரிடம் சொன்னோம் என்பதும் பதிலாகாது. பதினெட்டு வயது கடந்த, தெளிந்த மனநிலையுள்ள ஒரு பெண்ணின் உடலுக்குச் சம்மதம் தரவேண்டியவர் அந்தப் பெண்தான்.

"உங்களைப் போன்றவர்களால் வைத்தியர்கள் எல்லோரும் நீதிமன்றத்தில் நிற்கவேண்டிவரும்" என்கிறார்கள். குழந்தை வைத்திய நிபுணர் ஒருவரின் கவனயீனம் பற்றி நமது நாட்டில் நடந்த பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கை வாசியுங்கள். 1992 இல் இறந்த ஒரு சிறுமிக்காக மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தது. 2001 இல் உயர் நீதிமன்றம், கவனயீனம் இருந்தது என்பதை ஏற்றபோதும், மரணத்துக்கு அதுவே காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கூறி அந்த நட்டஈட்டை இல்லாமல் செய்தது. இந்த நாட்டில் ஒரு நோயாளி வெல்வது அவ்வளவு கடினம். மூதூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் கிளினிக்குக்கு வருவதற்கே பஸ் காசை எண்ணிப் பார்க்கும் மக்களா உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்கப் போகிறார்கள்? அவர்கள் கேட்பது பதில். சொன்னதைச் சொன்ன நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் தாதியையும் வைத்தியரையும் அந்தக் குறிப்புதான் முதலில் காப்பாற்றும். இதைப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு வருடக் கணக்காகச் சொல்லிக்கொடுத்த என்னைத்தான், "சொந்தத் தொழிலைக் காட்டிக்கொடுப்பவள்" என்று என்னோடு ஒரே விடுதியில் வேலை செய்த ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சொல் எனக்கு மிகவும் வலித்தது.

அதையும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறொன்று. அந்தத் தாயின் வாயை அடைக்க, அவருடைய ஊரையும், முன்பு எதற்காகச் சிகிச்சை பெற்றார் என்பதையும், இரண்டு பேர் கருத்துப் பெட்டியில் எழுதியிருக்கிறார்கள். கோப்பைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய செய்தி அது. 2016 இன் தகவலறியும் உரிமைச் சட்டம்கூட, உரியவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி வைத்தியப் பதிவேடுகளை வெளியே தர அனுமதிப்பதில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாகப் பிரித்துவைத்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள். அவர் இந்த ஊர்ச் சந்தைக்கும் கோவிலுக்கும் நாளை போய்வர வேண்டியவர் என்ற நினைப்புக்கூட உங்களுக்கு வரவில்லையா?

எழுதிய இருவரும் இந்த எழுத்தைப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்றிரவுக்குள் அவற்றை நீக்கிவிடுங்கள். படம் பிடித்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை அது பணிப்பாளரின் மேசைக்கும் போகும். அந்தத் தாயின் அடுத்த கிளினிக்குக்கு, அவர் கேட்டுக்கொண்டபடி நானும் கூடப் போகிறேன்; அவருடைய கேள்வியைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறேன்.