மாட்டைப் பற்றி எழுதினால் உங்களுக்கு என்ன சிரிப்பு?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். பழைய பேப்பர் கடையில் கிடைத்த கடிதக் கட்டைப் பிரித்து, 1988இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரர் மனைவிக்கு எழுதியதை வாசித்து, நடுநடுவே சிரிப்புச் சத்தம் வேறு சேர்த்திருக்கிறார் அந்தத் தம்பி. "சுத்திலும் குண்டு வெடிக்குது, இவரு மாடு எத்தனை லிட்டர் கறக்குதுன்னு கேக்குறாரு." இதற்கு ஆயிரக்கணக்கில் லைக்.

சரி தம்பி, வேறு என்ன எழுதியிருக்க வேண்டும்? எங்கே இருக்கிறோம், எங்கே போகிறோம், கூட எத்தனை பேர், எதையும் எழுதக் கூடாது. முகவரியில்கூட ஊர் கிடையாது. படை எண், பெயர், யூனிட், கடைசியில் 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய எண். காஷ்மீரில் இருந்தாலும் அதேதான், யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் அதேதான்.

அந்தப் பக்கம் அப்படி. இந்தப் பக்கம் எங்கள் தெரு. என் அப்பா அந்த அமைதிப் படையில் லாரி ஓட்டியவர். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசிப்பேன். திண்ணையில் பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியம்மா, பால் வாங்க வந்தவர் வரைக்கும் உட்கார்ந்து கேட்பார்கள். மூன்றாவது படிக்கும் மகள் இத்தனை பேர் நடுவில் வாசிக்கப்போகிறாள் என்று தெரிந்த மனுஷன் பெண்டாட்டிக்கு என்ன எழுதுவார்? மாட்டைப் பற்றித்தான் எழுதுவார். இன்லேண்ட் லெட்டரின் ஒட்டுகிற மடிப்பில் மட்டும் குறுக்காக ஒரு வரி இருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள் என்று. அவசரப்பட்டுக் கிழித்தால் அதுதான் முதலில் போகும். அம்மா விளக்குமாற்றுக் குச்சியை உள்ளே விட்டு மெதுவாகப் பிரிப்பார்.

வாசித்து முடித்ததும் அம்மா கேட்பது ஒன்றுதான். "தேதி என்ன போட்டிருக்கு?" அந்தத் தேதி வரை ஆள் உயிரோடு இருந்திருக்கிறார், அவ்வளவுதான் சேதி. ராத்திரி பிபிசி தமிழோசையில் சொன்ன சண்டை அந்தத் தேதிக்கு முன்னாலா பின்னாலா என்று தாத்தா விரல்விட்டு எண்ணுவார். இதைத்தான் "கன்டென்ட்டே இல்ல" என்கிறார்கள்.

உடனே வருவார்கள், "கடிதம்னா வரலாறு இல்லையா, மறைச்சு வைக்கணுமா" என்று. யார் மறைக்கச் சொன்னது? முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களிலிருந்து தணிக்கை அதிகாரிகள் எடுத்து வைத்த பகுதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இனி சிவப்பு மிளகுதான் என்று ஊருக்கு எழுதினார்கள். கறுப்பு மிளகு நம் ஆட்கள், சிவப்பு வெள்ளைக்காரச் சிப்பாய். கடிதத்தைப் பிரித்துப் படித்த வெள்ளைக்காரனுக்கே அது புரிந்தது. மிளகுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மாட்டுக்குள்ளும் பார்க்கத் தெரியும். சிரிப்புச் சத்தம் போட்டால் தெரியாது.

"குடும்பமே எடைக்குப் போட்டதுதானே?" பெரியவர்கள் செத்து வீட்டைக் காலி பண்ணும்போது எது எந்த மூட்டையில் போகிறது என்று யார் பார்த்தார்கள்? விடுங்கள்.

"அமைதிப் படை செய்ததை மறந்துட்டீங்களா அக்கா?" இது வரும் என்று தெரியும். 1987 தீபாவளி அன்று, அக்டோபர் 21, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்ஸ்களையும் கொன்றார்கள். மறக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குக் கடிதம் வரவில்லை என்பதை அதன் பக்கத்தில் வைக்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அப்பாவிடம் கேட்டால் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார். நான் எதையும் நியாயப்படுத்தவில்லை. 1990 மார்ச்சில் கடைசியாக வந்த வீரர்களை வரவேற்க முதல்வர் கலைஞர் போகவில்லை. அவருக்குக் காரணம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே காரணத்தை எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வகுப்பு நடுவில் என்னை எழுப்பி நிற்கவைத்துச் சொன்னார். "தமிழனைக் கொல்லப் போன தமிழன் பொண்ணு." சின்னப் பிள்ளையிடம் கேட்கிற கணக்கா அது? போனவர்களில் 1,100 பேருக்கு மேல் திரும்பவில்லை. திரும்பியவர்கள் அப்போது துரோகி, இப்போது காமெடி பீஸ். அப்பா இருந்திருந்தால் இதையும் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குத்தான் போயிருப்பார்.

அந்த வீடியோவின் கீழே யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர், அந்த மாதங்களில் தங்கள் வீட்டுக்கு யாரிடமிருந்தும் ஒரு தபால்கூட வரவில்லை என்று எழுதியிருந்தார். அவர் என்னைத் திட்டலாம், கேட்டுக்கொள்வேன். ரீல்ஸ் பார்த்துவிட்டு வந்து நியாயம் பேசுகிறவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

தம்பி, அந்த வீடியோவில் படை எண், அந்த அம்மாவின் பெயர், ஊர் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. எடுக்க மாட்டேன் என்றால் அதையாவது மறைத்துத் தொலையுங்கள். "லைட்டா எடுத்துக்கங்க அக்கா" என்று இன்பாக்ஸில் வந்தவர்களை எல்லாம் பிளாக் செய்தாகிவிட்டது.