மன்ஸ்டருக்குச் சிவப்பு ஒயின் வேண்டாம்

நாற்றம் தூக்கலான சீஸுக்கெல்லாம் கெட்டியான சிவப்பு ஒயின்தான் ஜோடி என்று சீஸ்-ஒயின் ஜோடி பற்றி வந்த ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. மன்ஸ்டர், எப்வாஸ் என்ற பிரெஞ்சு சீஸ்கள் மாதிரி மேல்தோலைக் கழுவிக் கழுவிப் பழுக்க வைக்கும் சீஸோடு துவர்ப்பான சிவப்பு சேர்ந்தால் வாயில் கசப்புதான் மிஞ்சும். மன்ஸ்டரின் சொந்த ஊரான, பிரான்சின் கிழக்கே உள்ள அல்சாஸிலேயே கெவுர்ஸ்ட்ராமினர் என்ற மணமான வெள்ளை ஒயினைத்தான் ஊற்றுகிறார்கள். கூடவே சீரகம் போன்ற விதையை வேறு தூவுவார்கள், நம் நாக்குக்குக் கேட்கவா வேண்டும்! ரோக்ஃபோர் போன்ற நீலப் பூஞ்சை ரகம் உப்புக் கரிக்கும், அதற்குச் சோத்தெர்ன் போல இனிப்பு ஒயின் சரி. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் இருப்பவர்கள் நம் சிலாவோஸ் மலையில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் விளையும் திராட்சையின் இனிப்பு வெள்ளையையும் பார்க்கலாம். அப்புறம், நம் தலைநகர் சென்-தெனி வெக்கையில் மன்ஸ்டரை ரொம்ப நேரம் வெளியே வைக்காதீர்கள். தட்டில் கூழாக வழியும், பக்கத்து வீட்டுக்காரரும் கதவைத் தட்டுவார்.