குக்கே வேலிக்கு வடக்கே பிறந்த மாடு

போட்ஸ்வானாவின் மவுன் நகரிலிருந்து கான்சிக்குச் செல்லும் சாலையில், குக்கே என்னுமிடத்தில் ஒரு கால்நடைத் தடுப்பு வாயில் இருக்கிறது. வேலையின் பொருட்டு அந்நாட்டில் இருந்த ஆண்டுகளில் அதைப் பலமுறை கடந்திருக்கிறேன். வண்டியின் சக்கரங்கள் மருந்து நீரில் இறங்கி ஏற வேண்டும். பயணிகள் கீழே இறங்கி, மருந்தில் ஊறிய விரிப்பின் மேல் செருப்பை நன்றாக அழுத்தி மிதிக்க வேண்டும். தெற்கே கொண்டுபோகும் பச்சை இறைச்சி அங்கேயே பறிமுதலாகிவிடும். ஒருமுறை எங்களுடன் வந்த மூதாட்டி ஒருவர், மகள் வீட்டுக்கென்று துணியில் சுற்றி மடியில் வைத்திருந்த இறைச்சியை ஒரு வார்த்தையும் பேசாமல் எடுத்து நீட்டினார். அவருடைய சொந்தப் பட்டியில் வளர்ந்த மாட்டின் இறைச்சி அது.

ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் மாட்டிறைச்சி ஏற்றுமதியைப் பற்றிப் பேசுவோர் வறட்சியையும் போக்குவரத்துச் செலவையும் முதலில் சொல்வார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, ஒரு மாட்டின் மதிப்பை அதன் உடல்நிலையை வைத்து முடிவு செய்யாமல், அது வேலிக்கு எந்தப் பக்கம் பிறந்தது என்பதை வைத்து முடிவு செய்யும் வணிக விதிதான் என்பது என் உறுதியான கருத்து.

இந்த விதியின் வேர் கோமாரி நோயில் இருக்கிறது. அங்குள்ள கோமாரி வைரஸ் வகைகள் ஆப்பிரிக்கக் காட்டெருமைகளின் உடலில், எருமைக்கு எந்தத் துன்பமும் தராமல், ஐந்து ஆண்டுகள் வரைகூடத் தங்கியிருக்கக் கூடியவை. போட்ஸ்வானாவின் வடக்கே உள்ள ஒக்கவாங்கோ கழிமுகத்தில் காட்டெருமைகள் இருக்கும்வரை அந்த நோயை அடியோடு ஒழிக்க முடியாது. அதனால் நோயுள்ள மண்டலம், நோயற்ற மண்டலம் என்று நிலத்தையே பிரித்தார்கள். நான் கடந்த வாயில் அமைந்துள்ள குக்கே வேலி 1958-இல் எழுந்தது. தண்ணீர் தேடி இடம்பெயரும் வழியை அது மறித்ததால், 1980-களின் வறட்சியில் வில்டபீஸ்ட் எனப்படும் காட்டு விலங்குகள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன.

வேலியால் நாட்டுக்குப் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்க நாடுகள் உள்ளிட்டவற்றோடு 1975-இல் செய்த லோமே வணிக ஒப்பந்தத்துக்குப் பிறகு ஐரோப்பியச் சந்தையில் சலுகையோடு விற்க போட்ஸ்வானாவுக்குக் கிடைத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 18,916 டன். லோபாட்சே நகரின் இறைச்சிக் கூடமும் அதைச் சார்ந்த ஆயிரமாயிரம் குடும்பங்களும் அந்தச் சந்தையை நம்பி வளர்ந்தவை. 2001-இல் கோமாரி பரவியதும் ஜிம்பாப்வே அதே ஐரோப்பியச் சந்தையை இழந்தது. 2019-இல் லிம்போப்போவில் நோய் கண்டதும் தென்னாப்பிரிக்கா தன் நோயற்ற தகுதியை இழந்தது. ஒரே ஒரு மந்தையில் வந்த நோய் ஒரு நாட்டின் கதவையே மூடிவிடும் என்பதால், அரசுகள் வேலியை இறுகப் பற்றிக்கொள்வது எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்தப் பாதுகாப்பின் விலையைக் கொடுப்பவர் யார்? நமீபியாவில் 'சிவப்புக் கோடு' எனப்படும் வேலிக்கு வடக்கேதான் நாட்டின் மாடுகளில் பாதிக்கு மேல் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுக்குத் தென்பகுதிப் பண்ணையாளர்கள் விற்கும் ஏற்றுமதிச் சந்தையில் இடமில்லை. போட்ஸ்வானாவில் ஒக்கவாங்கோவை ஒட்டிய இங்காமிலாந்தில் 1995-இல் தொற்று நுரையீரல் நோய் வந்தபோது, நாட்டின் ஏற்றுமதியைக் காப்பதற்காக ஏறத்தாழ 3,20,000 மாடுகள் கொல்லப்பட்டன. இழப்பீடு வந்தது, ஆனாலும் மாட்டை 'ஈரமூக்குள்ள தெய்வம்' என்று பழமொழியில் வைத்துப் போற்றும் மக்களின் பட்டிகள் அன்று வெறுமையாகிக் கிடந்ததை எந்தத் தொகை ஈடுசெய்யும்? யானைகள் வேலியைச் சாய்த்து, அந்த இடைவெளியில் காட்டெருமைகள் மந்தையோடு கலந்தாலும் சந்தையை இழப்பவர்கள் இதே மக்கள்தான்.

இத்தனைக்கும் மாற்று வழி விஞ்ஞானிகளுக்குத் தெரியாததல்ல. அறுத்த மாட்டின் உடலை 2 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பநிலையில் குறைந்தது 24 மணி நேரம் தொங்கவிட்டால், தசையில் இயல்பாகவே அமிலம் ஊறுகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6-க்குக் கீழே இறங்கியதும் தசையில் உள்ள கோமாரி வைரஸ் செயலிழக்கிறது. வைரஸ் பிழைத்திருக்கக் கூடிய எலும்பையும் நிணநீர்க் கணுக்களையும் நீக்கிவிட்டால், எஞ்சிய இறைச்சியால் நோய் பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. உலக விலங்குநல அமைப்பு 2015-இல் தன் விதிகளைத் திருத்தி, காட்டெருமை வாழும் பகுதிகளின் இறைச்சிக்கும் இத்தகைய நிபந்தனைகளோடு வழி திறந்தது. ஆனாலும் நல்ல விலை தரும் சந்தைகள் இன்னமும் மண்டலத்தின் பெயரையே முதலில் கேட்கின்றன. மாடுகளை அறுப்பதற்கு முன் வாரக்கணக்கில் தனிமைப்படுத்தி வைக்கும் நடைமுறையும் சிறு விவசாயிக்கு எட்டாதது. பத்து மாடு வைத்திருப்பவர் அத்தனை நாள் தீவனத்துக்கு எங்கே போவார்?

ஐரோப்பிய ஆய்வாளர்கள் லோபாட்சே கூடத்துக்கு வந்து குளிரறைகளையும் பதிவேடுகளையும் நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். அதே கண்டிப்போடு வேலிக்கு வடக்கே உள்ள மவுன் நகரின் கூடத்துக்கும் அவர்கள் வரட்டும். அங்கே தொங்கும் இறைச்சியில் பிஎச் மானியைத் தாங்களே செருகிப் பார்க்கட்டும். அது காட்டும் அளவு விதிக்குள் இருந்தால், அந்த மாடு எந்தப் பட்டியிலிருந்து வந்தாலும் அதற்குரிய விலையைக் கொடுக்கட்டும்.