வெட்டிய படமும் முழுச் சுவரும்

இரண்டு நாளைக்கு முன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் மறுபடியும் வந்தது. எகிப்தில் அபிடோஸ் கோயில் கல்லில் ஹெலிகாப்டர். கூடவே, தொல்லியல்காரர்கள் இதை மறைக்கிறார்கள் என்று ஒரு வரி. கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் எனக்குத் தனியாக எழுதினான்: “மாமா, அவங்களும் பார்த்து ஊகிக்கிறவங்கதானே? நம்ம ஊகத்துக்கும் அவங்க ஊகத்துக்கும் என்ன வித்தியாசம்?”

நியாயமான கேள்வி. அவனுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

அந்தக் கல், கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அரசன் முதலாம் சேத்தி கட்டத் தொடங்கிய கோயிலின் உத்தரம். அதில் முதலில் வெட்டியது சேத்தியின் பட்டப்பெயர்: ‘ஒன்பது வில்களை விரட்டியவன்’. ஒன்பது வில்கள் என்றால் எகிப்தின் பகைவர்கள். அவனுக்குப் பின் வந்த மகன் இரண்டாம் ராம்சேஸ் அந்த எழுத்துகளைச் சாந்து பூசி அடைத்துவிட்டு, மேலேயே தன் பட்டத்தை வெட்டச் செய்தான்: ‘எகிப்தைக் காப்பவன், அயல்நாடுகளை அடக்கியவன்’. காலப்போக்கில் சாந்து உதிர்ந்தது. அடியில் இருந்த எழுத்தும் மேலே இருந்த எழுத்தும் ஒன்றோடொன்று கலந்து ஒரு புது உருவம் தெரிகிறது. சுண்ணாம்பு பெயர்ந்த சுவரில் போன தேர்தலின் சின்னமும் இந்தத் தேர்தலின் சின்னமும் சேர்ந்து தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான்.

இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? ராம்சேஸின் அந்தப் பட்டம் அவனுடைய ஐந்து அரச பெயர்களில் ஒன்று. வேறு பல கல்வெட்டுகளிலும் வருகிறது. எந்தக் குறிக்குப் பின் எந்தக் குறி வரும் என்பது தெரிந்த விஷயம். ஒவ்வொரு கோட்டையும் இது அப்பனுடையது, இது மகனுடையது என்று பிரித்துக் காட்டிவிடலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் படம் அந்த நாலு குறிகளை மட்டும் வெட்டி எடுத்த படம். இடப்பக்கமும் வலப்பக்கமும் வரிசையாகப் போகும் எழுத்துகள் அதில் இல்லை.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒரு பொருள் எங்கே கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது, அதைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிப்பதுதான் தொல்லியலின் வேலையே. கல்லறைத் திருடன் பொருளை மட்டும் தூக்கிக்கொண்டு போய் மற்றதையெல்லாம் அழித்துவிடுகிறான். படத்தை இப்படி வெட்டுகிறவரும் அதையேதான் செய்கிறார்.

எகிப்தின் இன்னொரு கோயிலூரான தெந்தேராவின் ‘மின்விளக்கு’ கதையும் இப்படித்தான். ஹத்தோர் தேவியின் கோயில், அதன் நிலவறைச் சுவர். நீண்ட குமிழுக்குள் நெளியும் பாம்பு. பல்ப், உள்ளே இழை என்கிறார்கள். அந்தப் பாம்பு ஹர்சோம்துஸ் என்னும் தெய்வம். குமிழின் அடியில் இருப்பது ஒயர் இல்லை, தாமரைத் தண்டும் பூவும். தாமரையிலிருந்து தெய்வம் பிறப்பது எகிப்தியர் திரும்பத் திரும்பச் சொன்ன படைப்புக் கதை. இதை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, சிற்பத்தின் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, மின்சாரம் இல்லாமல் இருட்டான கல்லறைகளில் எப்படி வேலை செய்தார்கள் என்று அடுத்துக் கேட்பார்கள். அரசர் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்தவர்கள் வாழ்ந்த தேர் எல்-மெதினா ஊரில் கிடைத்த ஓட்டுச் சில்லுகளில், வேலைக்குக் கொடுத்த விளக்குத் திரிகளின் கணக்கே இருக்கிறது.

ஆய்வாளர்கள் தவறே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. ‘புரியவில்லை என்றால் சடங்கு என்று சொல்லிவிடுவார்கள்’ என்ற குறையில் கொஞ்சம் உண்மை உண்டு. தேர் எல்-பெர்ஷாவில் ஜெஹுதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறை ஓவியத்தில், ஒரு பெரிய சிலையைச் சறுக்குக் கட்டையில் வைத்து வரிசை வரிசையாக ஆட்கள் இழுக்கிறார்கள். சறுக்குக் கட்டையின் முன்பகுதியில் நின்று ஒருவன் தரையில் தண்ணீர் ஊற்றுகிறான். அதைத் தூய்மைச் சடங்கு என்று விளக்கியவர்கள் உண்டு. 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் மணலை நனைத்துச் சோதித்தார்கள். சரியான அளவு ஈரம் இருந்தால் இழுக்கத் தேவையான விசை பாதியாகக் குறைந்தது. அந்தச் சோதனையை யாரும் மூடி மறைக்கவில்லை, ஆய்விதழில் வெளியிட்டு உலகத்துக்கே சொன்னார்கள். ஓவியத்தை முழுதாகப் பார்த்ததால்தான் தண்ணீர் ஊற்றும் ஆள் கண்ணில் பட்டான் என்பதையும் கவனியுங்கள்.

அப்புறம் பிரமிடு. கட்டியது வேற்றுக்கிரகவாசிகள், இல்லையென்றால் சாட்டையடி வாங்கிய அடிமைகள் என்பார்கள். பிரமிடுகள் நிற்கும் கீசாவில் தொழிலாளர்களின் கல்லறைகளும், அவர்கள் தங்கிய ஊரின் ரொட்டி அடுப்புகளும் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. முறிந்து, பின் கூடிய எலும்புகளை அங்கே பார்த்திருக்கிறார்கள். அடிபட்டவர்களுக்கு யாரோ கட்டுப்போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது 2013இல் செங்கடல் கரையில், வாடி அல்-ஜர்ஃபில், பிரெஞ்சு எகிப்தியல் ஆய்வாளர் பியர் தாலேயின் குழு கண்டெடுத்த பப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள். பெரிய பிரமிடைக் கட்டுவித்த கூஃபு மன்னன் காலத்து மேரேர் என்ற மேற்பார்வையாளரின் வேலைக் குறிப்பு அது. இன்று துரா கல்குவாரியில் ஆட்களோடு கல் ஏற்றினேன், இரவு அங்கேயே தங்கினேன், மறுநாள் படகில் கீசாவுக்குக் கிளம்பினேன் என்று நாள்வாரியாகப் போகிறது. பெரிய பிரமிடுக்குச் சுண்ணாம்புக்கல் கொண்டுபோன ஒரு மனிதன், தன் கணக்கைத் தானே ஒப்படைத்திருக்கிறான்.

அக்கா மகனுக்கு அந்தச் சுருளின் படத்தையும் அபிடோஸ் உத்தரத்தின் முழுப் படத்தையும் அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து, இரண்டு பட்டங்களையும் இரண்டு நிறத்தில் கோடு போட்டுப் பிரித்து அவனே குடும்பக் குழுவில் போட்டிருந்தான்.