பெரியம்மா எதற்குக் கையெழுத்துப் போட்டார்?

ஆஸ்பத்திரியில் பெரியம்மாவிடம் கையெழுத்து வாங்கிய சிங்களப் படிவத்தைப் படமெடுத்துச் செவ்வாய்க்கிழமை போட்டிருந்தேன். அதற்குக் கீழே வந்த கருத்துகளை எல்லாம் வாசித்துவிட்டேன். தூக்கம் போனதுதான் மிச்சம். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று மறுபடி சொல்லப்போவதில்லை. அங்கே வேலை செய்பவர்கள் மீது எனக்குக் கோபமும் இல்லை. கோபமெல்லாம் "இதையும் ஒரு பிரச்சினை என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டாயே" என்று எழுதிய எங்கள் ஆட்கள் மீதுதான்.

திரும்பவும் சொல்கிறேன். சிங்களத்தில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாத 72 வயதுப் பெரியம்மாவிடம், முழுக்க முழுக்கச் சிங்களத்தில் இருந்த சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். புரியாத காகிதத்தில் வாங்கிய கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயரில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்.

"உயிர் முக்கியமா, மொழி முக்கியமா?" என்று கேட்கிறார் ஒரு அண்ணன். உயிர்தான் அண்ணா, அதனால்தான் கேட்கிறேன். பென்சிலின் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை நான் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். நான் கூடப் போகாமல் இருந்திருந்தால்? தாதி "ஹரித?" (சரியா?) என்று கேட்டார், பெரியம்மா தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். சோதனைச் சாவடிகள் பழக்கிவிட்ட தலை அது. பக்கத்தில் நின்ற நானும் அந்த நேரம் பேசாமல்தான் நின்றேன். இப்போது குடைவது அதுதான்.

டொக்டர் நல்ல மனிதர், சிங்களவர். ஒரு துண்டுக் காகிதத்தில் சின்னச் சுரைக்காய் போலப் பித்தப்பையை வரைந்து, உள்ளே நான்கு புள்ளி வைத்து, "கல், கல்" என்று தமிழிலேயே சொன்னார். பெரியம்மா சிரித்துவிட்டார். அந்த டொக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அன்றைக்கு அவர் கடமையில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதைக் கொண்டுபோய் உரிமைக் கணக்கில் எழுதாதீர்கள்.

"சிங்களப் பகுதிக்குப் போய்த் தமிழ் கேட்கலாமா?" கேட்கலாம். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்ட இலங்கை, அத்தனை சாவுக்குப் பிறகு 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி என்று எழுதியது. அடுத்த ஆண்டு வந்த 16ஆவது திருத்தம், சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் அரச அதிகாரியிடம் தமிழில் அலுவல் பார்த்துப் பதில் பெறலாம் என்றது. அதே அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதாரத்தைத் தேடிப்பாருங்கள், கிடைக்காது. கல்வி, அரச கொள்கைக் கோட்பாடுகளுக்குள் இருக்கிறது. அதை வைத்து வழக்குப் போட முடியாது என்று 29ஆவது உறுப்புரை கதவைச் சாத்திவிடுகிறது. கையில் பிடித்துக்கொள்ள மிஞ்சியிருப்பது மொழி ஒன்றுதான். அதையும் தலையாட்டிக் கொடுத்துவிடு என்கிறீர்கள்.

"சிங்களம் படித்தால் என்ன குறைந்துவிடும்?" ஒன்றும் குறையாது, என் மகள் படிக்கிறாள். பெரியம்மா எப்போது படித்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். தொண்ணூறுகளில், வடக்குக்கு அரசு போட்ட பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய் தங்கமாக இருந்தபோது, ஜாம் போத்தலுக்குள் பஞ்சு போட்டு, கொஞ்சமே கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி வைத்து எனக்கு விளக்குச் செய்து தந்தவர் அவர். அந்த வெளிச்சம் பாதிப் பக்கத்துக்குத்தான் எட்டும். வாசிக்க வாசிக்கப் போத்தலை நகர்த்துவேன். அவர் அடுப்பு வெளிச்சத்தில் சமைப்பார். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமமே கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது, என் கொப்பிகளைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். போரின் கடைசி மாதங்களில், 2009 பெப்ரவரியில், வன்னியின் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் எறிகணை விழுந்த நாட்களில் அங்கே மருந்துக்கு நின்றார். இதில் எந்த இடைவெளியில் அவர் சிங்கள வகுப்புக்குப் போவது?

1990இல் புலிகள் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது எங்கே இருந்தாய் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்கவேண்டிய கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை பெரியம்மா படிவத்தை வாசிக்கக் கூடாதா?

"எதற்கெடுத்தாலும் அரசியல்." சரி. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. திரும்பக் கட்டித் தந்தாயிற்றே என்கிறீர்கள். கட்டடம் வெள்ளையாக, அழகாகத்தான் இருக்கிறது. சுவடி எங்கே? 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில், போரின் முடிவில் செத்தவர்களுக்காக இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவோடு இரவாக இடித்தார்கள். அன்றைக்கும் "கல்தானே" என்றீர்கள். இன்றைக்குப் "படிவம்தானே" என்கிறீர்கள். நாங்கள் கேட்பது எப்போதும் உங்களுக்குச் சின்ன விஷயமாகவே இருப்பது எப்படி?

எங்கேயோ தொடங்கி எங்கேயோ போய்விட்டேன்.

பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டார், சுகமாக இருக்கிறார். நேற்றும் கேட்டார்: "தம்பி, அந்தக் கடதாசியில் என்ன எழுதியிருந்தது?" எனக்குச் சிங்களம் கொஞ்சம் கதைக்க வரும், வாசிக்க வராது. சிங்களம் படி என்று புத்தி சொன்ன அத்தனை பேரில் ஒருவராவது அதைத் தமிழில் எழுதிப் போட்டிருக்கலாம். படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.